நல்லம்மாவின் வோட்டும் தம்பையாவின் சட்டைப்பையும்

தம்பையா எருமைப்பாறைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறாம் லயத்தில் பிறந்தார். அவருடைய அப்பா ரெங்கசாமி பிறந்ததும் அதே லயத்தில்தான். இருந்தாலும் தம்பையா இலங்கைப் பிரஜையானது முப்பத்தெட்டாவது வயதில். அதுவும் விண்ணப்பம் போட்டு, விசாரணைக்கு அலைந்து, நான் இங்கேதான் பிறந்தேன் என்பதற்குச் சாட்சி தேடி. அதுவரை அவர் எந்த நாட்டு ஆள் என்று கேட்டால் இலங்கை இந்தியாவைக் காட்டும், இந்தியா இலங்கையைக் காட்டும். பசறையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறிப் போகவேண்டிய அந்தத் தோட்டத்துத் தேயிலையைப் பற்றி மட்டும் யாருக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை. நட்ட அன்றைக்கே அது இலங்கைத் தேயிலை ஆகிவிட்டது.

ரெங்கசாமி காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு வோட்டு இருந்தது. வெள்ளைக்காரன் போன கையோடு வந்த சட்டங்கள் முதலில் பிரஜாவுரிமையைப் பறித்தன, அடுத்து வோட்டையும் பறித்தன. அறுபத்துநாலில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தம்பையாவின் அண்ணனும் சித்தப்பா வீட்டாரும் இந்தியாவின் பங்கில் விழுந்து, முன்பின் பார்த்திராத ஊருக்குத் தலைமன்னார் ரயில் ஏறினார்கள். தம்பையா ஐம்பத்தொன்றிலேயே போட்டு வைத்திருந்த விண்ணப்பத்துக்கு அறுபத்தாறில் சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சாமிக்குக் காட்டும் சூடத்தை அதற்கும் ஒரு சுற்று காட்டினார்.

அந்தச் சான்றிதழில் அவர் பெயருக்குக் கீழே மனைவி என்று நல்லம்மாவின் பெயரும் இருந்தது. ஆகவே நல்லம்மா பிரஜையானது தன் தயவில்தான் என்பது தம்பையாவின் முடிவு. சோற்றில் உப்புக் குறைந்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவார். நல்லம்மா மறுத்துப் பேசியதில்லை. உப்பை எடுத்து வைத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள்.

எழுபதில் தேர்தல் வந்தபோது தம்பையா கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வோட்டுப் போடப் போனார். பிரஜையாகிவிட்டால் வோட்டு தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நம்பியிருந்தார். வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. ஊருக்குள் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுகிற உத்தியோகத்தர் லயத்துப் பக்கம் வருவதில்லை. தோட்டத்து ஆபீஸ் பெயர்களை எழுதி அனுப்பும் என்று அவர் சொல்வார். உத்தியோகத்தர் வந்து எழுதிக்கொள்வார் என்று ஆபீஸ் சொல்லும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அவரவர் நம்பியதைச் சொன்னார்கள். நடுவில் தோட்டம் முழுவதும் பெயரில்லாமல் கிடந்தது.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தம்பையாவைக் கேலி செய்ய முடியாது. ஆறேழு வருஷம் விடாமல் நடந்தார். லயம் லயமாகப் போய், சான்றிதழ் வந்த குடும்பங்கள் எவை என்று விசாரித்தார். அரிசிப் பானைக்குள்ளும் தகரப் பெட்டியின் அடியிலும் கிடந்த சான்றிதழ்களை வெளியே எடுக்க வைத்தார். "தோட்டத்து ஆளுக எல்லாம் இந்தியா போறவங்கதானே, ஒனக்கு எதுக்கு வோட்டு?" என்று அரசாங்கக் கந்தோரில் கேட்டவனுக்கு முன்னால் கோட்டோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பெயரை எழுதுகிற வரைக்கும் எழும்பாமல் இருந்தார். எழுபத்தேழாம் வருஷத் தேர்தலுக்கு முன்னால் எருமைப்பாறையில் சான்றிதழ் வைத்திருந்த எல்லோருடைய பெயரும் இடாப்பில் ஏறிவிட்டது. அத்தனையும் அந்த மனிதர் தேய்த்த செருப்பால்தான் நடந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியிருப்பார். ஆனால் அதற்குள் தலைவர் ஆகிவிட்டார்.

பசறைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பலீல் முதலாளி அந்தத் தொகுதியில் கடிகாரச் சின்னத்தில் நின்ற சுயேச்சை வேட்பாளருக்கு வேலை செய்துகொண்டிருந்தார். எருமைப்பாறையில் வோட்டு முளைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தம்பையாவைக் கடைக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, பிளேன்டீயும் கொடுத்தார். ஒரு நாள் வேட்பாளரே வந்தார். கடிகாரக்காரர் என்றாலும் சொன்ன நேரத்துக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தார். தம்பையாவின் தோளில் கை போட்டு, தோட்டத்து வோட்டு ஒன்றுகூடச் சிதறாமல் வந்தால் அவரை ஜே.பி. ஆக்குவதாக வாக்குக் கொடுத்தார். சமாதான நீதவான் என்றால் கையெழுத்துப் போட்டால் போதும், ஊரே வாசலில் வந்து நிற்கும். தம்பையா ஒன்றுகூடச் சிதறாது என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தேர்தலுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரட்டுக் களத்தில் வகுப்பு நடத்தினார். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற அதே இடத்தில், பிஸ்கட் டின்னின் மூடியில் துவாரம் போட்டு வைத்து, பழைய கலண்டர் தாளில் நாலு சின்னம் வரைந்து, எங்கே எப்படிக் குறுக்குக் கோடு இழுத்துப் புள்ளடி போடுவது என்று காட்டினார். ஒரு புள்ளடிதான், இரண்டு கோடும் கட்டத்துக்குள் இருக்கவேண்டும், சாவடிக்குள் ஒருத்தர் மட்டும்தான் போகலாம், என்ன போட்டோம் என்பதைப் போட்டவனைத் தவிர யாரும் பார்க்க முடியாது. இதையெல்லாம் அவர் சரியாகவே சொல்லிக் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

கந்தப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "பொம்பளைகளுக்கும் அட்டை வந்திருக்கே தலைவரே, அவுங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கிறது?"

"ஒம் பொஞ்சாதி சம்பளத்த மேசையில யாரு வாங்குறது?" என்று தம்பையா திருப்பிக் கேட்டார்.

"நாந்தான்."

"அப்ப இது மட்டும் என்னா புதுசா?"

கந்தப்பன் திருப்தியாக உட்கார்ந்தான். எல்லோரும் திருப்தியாகத்தான் இருந்தார்கள். எருமைப்பாறையில் பெண்கள் நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுப்பார்கள். சம்பள நாளில் அவர்களுடைய பெயரைக் கிளாக்கர் கூப்பிட்டால் "இருக்கு" என்று புருஷன் குரல் கொடுத்து வாங்கிக்கொள்வான். தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஆகவே தம்பையா மோசடி எதுவும் நினைக்கவில்லை. மனைவிக்கு வருவதைப் புருஷன் போய் வாங்குவது போல, மனைவி போடுவதைப் புருஷன் போய்ப் போடுவதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம்.

வாக்காளர் அட்டைகள் வந்த அன்று நல்லம்மா தன் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்குகிற இடத்தில் தன் பெயரை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, அச்சில் பார்த்ததும் இல்லை. பிறகு அவர் கையை நீட்டினார், அவள் கொடுத்துவிட்டாள். கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

தேர்தல் அன்று ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. பலீல் முதலாளி அனுப்பிய லொறியில் ஆண்கள் எல்லோரும் ஏறினார்கள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இரண்டு அட்டை. பெண்கள் வழக்கம்போல் மலைக்குப் போனார்கள்.

வாக்களிப்பு நிலையம் வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தது. தலைவர் என்பதால் தம்பையாவை முன்னால் விட்டார்கள். சம்பள மேசையில் பெண்கள் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவரும் நல்லம்மாவின் அட்டையை முதலில் நீட்டினார். மேசையில் இருந்த உத்தியோகத்தர் அட்டையை வாங்கி, நாலு பக்கமும் உட்கார்ந்திருந்த வேட்பாளர்களின் ஏஜென்டுகளுக்குக் கேட்கும்படி பெயரை உரத்து வாசித்தார்.

"நல்லம்மா."

"இருக்குங்க," என்றார் தம்பையா.

உத்தியோகத்தர் அவருடைய மீசையைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். மறுபடியும் மீசையைப் பார்த்தார். ஏஜென்ட் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். வெளியில் வரிசையில் நின்றவர்கள் என்ன ஏது என்று எட்டிப் பார்த்துக் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல வேளையாக உத்தியோகத்தர் இரக்கமுள்ளவர். இது களவுக்கு வந்த ஆள் இல்லை, வழக்கத்துக்கு வந்த ஆள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. வோட்டு என்பது சம்பளம் இல்லை, உரியவர்தான் வரவேண்டும், இன்னொருவர் போட்டால் மறியலில் கம்பி எண்ணவேண்டும் என்று தமிழில் பொறுமையாகச் சொல்லி, அம்மாவைக் கூட்டி வாருங்கள், உங்களுடையதை இப்போது போடுங்கள் என்று சீட்டைக் கொடுத்தார். வரிசையில் நின்ற எருமைப்பாறை ஆண்களின் கைகள் மெதுவாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டன.

தம்பையா சீட்டோடு மறைப்புக்குள் போனார். காது இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. கடிகாரத்துக்கு நேரே புள்ளடி போட்டார். போட்டதும் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் சிரித்தது வேட்பாளரின் காதுக்கு எட்டாமல் இருக்காது. தலைவரே சரியாக வோட்டுப் போடவில்லை என்று எவனாவது போய்ச் சொல்லிவிட்டால்? இது தம்பையாவின் வோட்டுத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பக் காலத்தில் இரண்டு மாதம் பழகிப் பழகி அவர் கற்றிருந்த கையெழுத்து ஒன்று இருந்தது; அடியில் வளைத்து இரண்டு கோடு இழுப்பார். புள்ளடிக்குப் பக்கத்தில் அதைப் போட்டார். இரண்டு கோடும் இழுத்தார். மனசு ஆறியது. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து வெளியே வந்தார்.

லொறியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். பெண்கள் மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி விடமாட்டேன் என்றான். வோட்டுப் போடப் போகிறவர்களைத் தடுத்தால் மறியல் என்று, காலையில் தான் கேட்ட சொல்லைத் தம்பையா அவன் மீது வீசினார். நல்லம்மா கூடையை இறக்கவில்லை.

"காலையில அட்டைய மட்டும் கூட்டிக்கிட்டுப் போனீங்க," என்றாள். "அப்ப என்னைய ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

பெட்டி மூடுவதற்குள் போகவேண்டும் என்று கெஞ்சினார். புருஷன் தன்னிடம் கெஞ்சி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூடையை இறக்கினாள். மற்றப் பெண்களும் இறக்கினார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கொழுந்துக் கறை விரலோடு லொறியில் ஏறினார்கள்.

ஆண்களுக்கு வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததை அவர் இப்போது ஓடுகிற லொறியில், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் சரிந்துகொண்டு, சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. கலண்டர் தாள் காற்றில் பறந்து போய்விட்டது. உள்ளங்கையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினார். பள்ளத்துப் பாலம் வருவதற்குள் பெண்களுக்கு விளங்கிவிட்டது. "இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன ஞாயித்துக்கெழம?" என்று இராக்கம்மா கேட்டாள். இவள் கந்தப்பனின் மனைவி. அட்டைகளை ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்துக் கொடுத்தார்; கந்தப்பனும் மற்றவர்களும் நிலையத்திலேயே அவற்றை அவர் கையில் திணித்துவிட்டுச் சாராயக் கடைப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். தன் பெயர் வாசிக்கப்பட்டதும் நல்லம்மா "இருக்கேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

பிறகு அவள் கேட்டாள்: "உள்ள போய்ப் போடுறத யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க ஏலாது. ரகசியம்."

"தொரை?"

"தொரையும் பாக்க ஏலாது."

"நீங்க?"

எல்லாப் பெண்களும் தம்பையாவின் வாயைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் வாயாலேயே சொன்ன பதில்தான். ஆனால் அது ஆண்களுக்குச் சொன்னது. இப்போது அதைச் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது.

"நானும்தான்," என்றார்.

நல்லம்மா தலையாட்டினாள். மற்றவர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்குக் கேட்காததைப் போல, "இவரும் பாக்க ஏலாதாம்," என்று எடுத்துச் சொன்னாள்.

நிலையத்தில் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். நல்லம்மா உள்ளே நின்ற நேரம் தம்பையாவுக்கு நீண்டுகொண்டே போனது. அவள் சும்மா நின்றாலும் நிற்பாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தும், தனியாக விட்டால் இவள் என்ன செய்வாள் என்று தனக்குத் தெரியாது என்பது அந்த ஆடிக் காற்றில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. அவள் விரலில் மையோடு வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு எரிச்சல் வந்தது.

"போட்டியா?"

"போட்டேன்."

"கடிகாரத்துக்குத்தானே?"

"பொட்டிக்குள்ள போட்டேன்," என்றாள் நல்லம்மா.

கடிகாரம் தோற்றது. தோற்றதும் வேட்பாளர் அந்தப் பக்கம் வரவேயில்லை, நேரம் பிந்திக்கூட வரவில்லை. சில நாள் கழித்துப் பலீல் முதலாளி தம்பையாவைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. வோட்டு எண்ணுகிற இடத்தில் முதலாளி ஏஜென்டாக இருந்தவர்.

"பொம்புளைகள விடுங்க தலைவர்," என்றார். "ஒங்கட ஆம்புளைகள்ட வோட்டே அந்தப் பொட்டியில முழுசா கடிகாரத்துக்கு இல்ல. அதுலயும் ஒண்ணுல கையெழுத்து. போட்ட ஆள் ஆருன்னு தெரிஞ்சா அது செல்லாது, வீசிட்டாங்க. நான் ஆர்கிட்டயும் சொல்ல மாட்டன்."

இந்த நாட்டில் ஒரு வோட்டுக்காக அவர் நடந்த நடை கொஞ்சமில்லை. நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகப் போட்ட வோட்டு, எண்ணாமல் குப்பைக்குப் போயிருந்தது. வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் இறங்க மறந்து அடுத்த ஊர்வரை போய்விட்டார்.

அடுத்த மாதம் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. லயத்துக்கு நெருப்பு வைக்க ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி கேட்டு எல்லோரும் தேயிலைக்குள் ஓடினார்கள். நல்லம்மா பிள்ளைகளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். தம்பையா சுவரில் இருந்த பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கண்ணாடியோடு கழற்றிக்கொண்டு ஓடினார். வந்தவர்கள் அதைக் காட்டச் சொல்லவில்லை. ஆறாம் லயத்தின் பாதிக் கூரை எரிந்தது. வென்றவரும் வந்து பார்க்கவில்லை, தோற்றவரும் வந்து பார்க்கவில்லை. தோட்டத்து வோட்டின் பெறுமதி அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது.

கூரைக்குத் தகரம் போட்டு மறுபடியும் குடியேறிய பிறகும் தம்பையா ஒன்றை மட்டும் விடவில்லை. நல்லம்மாவின் வோட்டு யாருக்குப் போனது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நயமாகக் கேட்டார். அதட்டிக் கேட்டார். அந்த வருஷத் தீபாவளிக்கு அவளைப் பலீல் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு நைலக்ஸ் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார். அவள் சேலையைக் கட்டிக்கொண்டு, பொட்டிக்குள்ளதான் போட்டேன் என்றாள். காய்ச்சலில் கிடந்து அவள் பிதற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தார். பக்கத்து லயத்து ஆட்டைப் பற்றித்தான் பிதற்றினாள். சம்பளத்தை வாங்கினார், அட்டையை வாங்கினார், இதை மட்டும் அவரால் வாங்க முடியவில்லை. சில நேரம் அவளைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது, சில நேரம் பயம் வந்தது. மரியாதை என்று அதற்குப் பெயர் வைக்க அவருக்கு மனமில்லை. தன் வோட்டுக்கு என்ன நடந்தது என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

எண்பத்திரண்டில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. வாக்காளர் அட்டைகள் வந்த அன்று நல்லம்மா மலையிலிருந்து இறங்கிக் கை கழுவிவிட்டு வந்து, இரண்டு அட்டையில் தன்னுடையது எது என்று கேட்டு, எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இராக்கம்மாவும் மற்றப் பெண்களும் சேர்ந்து காலையிலேயே நடந்து போவதாக முடிவு செய்திருக்கிறார்கள் என்றும், லொறி தேவையில்லை என்றும் சொன்னாள்.

தம்பையா பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "குடு, தொலைச்சுருவ. பத்திரமா வச்சிருக்கேன்."

நல்லம்மா முடிச்சை இறுக்கினாள். பலீல் முதலாளி யாரிடமும் சொல்லமாட்டேன் என்றது உண்மைதான். மனைவி ஸவாஹிராவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஸவாஹிராவும் நல்லம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிச் சேலையை வெட்டிக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டாள்.

"நீங்க ஒங்களத பத்திரமா வச்சுக்கங்க," என்றாள் நல்லம்மா. "போடுறப்ப இந்தத் தடவையாவது கையெழுத்துப் போடாம வாங்க. வீட்டுக்கு ரெண்டு வோட்டு இருக்கட்டும்."

தம்பையாவின் கை நீட்டியபடியே நின்றது. ஐந்து வருஷமாக அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் இவள் இதைத் தெரிந்துகொண்டேதான் பதில் சொன்னாள் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அவள் அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அவர் கையை மடக்கிக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். யாருக்குப் போட்டாய் என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.